உரசினால்தான் மெருகு வருமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

"கஷ்டம் வந்தா கலங்காதே, முருகன் உன்னைப் பட்டை தீட்டுறான்." இந்த மாதிரி ஃபார்வர்டு நாம எல்லாருமே அனுப்பியிருப்போம். நான் ஒரு படி மேலே போனவன். டீமில் புதுசா சேர்ந்த பையனை எல்லார் முன்னாடியும் கண்டபடி திட்டிட்டு, "உன் நல்லதுக்குத்தான்டா, என்னையும் இப்படித்தான் தீட்டினாங்க"ன்னு சொன்னேன்.

போன மாசம் சிவன்மலை போயிருந்தேன். ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைக் கும்பிட்டு இறங்கி, காங்கேயத்தில் கல் பட்டறை வைத்திருக்கும் நண்பனோட அப்பாவைப் பார்க்கப் போனேன். அது சந்திரகாந்தக் கல் கிடைக்கிற பூமி. அந்தக் கல்லுக்குப் பெரும்பாலும் பட்டை போட மாட்டாங்க. அடி தட்டையா, மேலே குவிஞ்சு, வழவழன்னு தேய்ப்பாங்க. அப்பதான் உள்ளே நிலா வெளிச்சம் மாதிரி ஒளி மிதக்கும்.

மெருகுக்கு வைரத்தூள் பேஸ்ட். 1200, 3000, 8000, 14000 என்று நம்பர் ஏற ஏறத் தூள் நைசாகும். 1200-இல் ஒரு துகள் சுமார் 15 மைக்ரான், 14000-இல் சுமார் 1 மைக்ரான்.

"மெருகுங்கிறதும் கீறல்தான் கண்ணு. முன்னாடி போட்ட கீறலை அதைவிடச் சின்னக் கீறல் போட்டு அழிக்கிறோம்" என்றார் அவர்.

ஒவ்வொரு நம்பருக்கும் தனித் தனி பேட். நடுவில் கல்லையும் கையையும் நல்லாக் கழுவணும். 14000 பேடில் பழைய 1200 தூள் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் கல்லில் கோடு விழும். அப்புறம் பின்னாடி போய்த் திரும்பத் தேய்க்கணும். வைரத்தின் கடினம் 10, இந்தக் கல்லுக்கு 6 சொச்சம். அழுத்தித் தேய்த்துச் சூடேறினால் கல்லே பிளந்துடும்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த ஒரு துகள்தான் மனசில் உறுத்தியது. எனக்கு யாரோ கொடுத்த வலியைக் கழுவாமலே கொண்டுவந்து அந்தப் பையன் மேல் உரசியிருக்கேன். அதுக்கு 'தீட்டுறது'ன்னு பேர் வேற!

வேல் எவ்வளவு கூர்மை! ஆனாலும் பிளந்த சூரனைக் கந்தன் தூக்கி எறியலையே? மயிலாகவும் சேவலாகவும் தன்னோடவே வச்சுக்கிட்டான். நான் திட்டினதுக்கப்புறம் அந்தப் பையன் சாப்பிட்டானான்னுகூடக் கேட்கலை.

என் கஷ்டத்தை முருகன் தீட்டுறதா நான் எடுத்துக்கலாம். அது எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற விஷயம். ஆனா நான் அடுத்தவனுக்குப் போட்ட கீறலுக்கு முருகன் பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான், முகத்தைப் பார்க்காமல். ஒரு சாரியில் கோடு அழியாது. திரும்ப முதல் நம்பரிலிருந்து வரணும், பொறுமையா.

நீங்க யாரையாவது 'தீட்டிக்கிட்டு' இருக்கீங்களா? முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க.

ஓம் சரவணபவ!