சேனாபதியின் கத்தியும் ஆராய்ச்சி மணியும்

அண்மையில் பத்தாந்தர மாணவர்களுடன் இலஞ்சத்தைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். "இதை ஒழிப்பது எப்படி?" என்று வினவியபோது, பின்வரிசையிலிருந்த ஒருவன் எழுந்து, "ஓர் இந்தியன் தாத்தா வந்தால் போதும், சேர்" என்றான். வகுப்பு முழுவதும் கைதட்டியது. அத்திரைப்படம் வெளிவந்தபோது அம்மாணவருள் எவரும் பிறந்திருக்கவில்லை. தாம் பிறக்குமுன் வந்த படமொன்று இளையோரின் நாவில் ஆயத்தமான விடையாக நிற்குமாயின், அவ்விடையை எடைபோட்டுப் பார்ப்பது ஆசிரியர்களாகிய நமது கடமையாகும்.

ஷங்கர் இயக்கிய 'இந்தியன்' 1996 மே மாதம் வெளிவந்தது. சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்திலே போராடிய சேனாபதி என்னும் வீரன், தன் முதுமையில் இலஞ்சம் வாங்கும் அதிகாரிகளைத் தேடித் தேடிக் கொல்கிறான். தீக்காயமுற்ற அவன் மகள், கேட்ட இலஞ்சத்தைத் தந்தை கொடுக்க மறுத்தமையால் வைத்தியமின்றி இறந்தவள். மகனோ வாகனங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் கந்தோரில் இருந்து, இலஞ்சம் பெற்றுப் பழுதான பேருந்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறான். பள்ளிச் சிறுவர் பலர் மாள்கின்றனர். தந்தையே மகனைக் கொன்று தண்டிக்கிறான். தந்தையும் மகனுமாக நடித்த கமல்ஹாசனுக்கு இந்தியாவின் தேசிய விருதும் கிடைத்தது.

இப்படத்தை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இலஞ்சம் என்பது இருவருக்கிடையே நடைபெறும் சில்லறைக் கொடுக்கல் வாங்கல் அன்று, முகந்தெரியாத மூன்றாமவரைக் கொல்லும் செயல் என்பதை இதைப் போல் அழுத்தமாகக் கூறிய வணிகப் படங்கள் தமிழிற் சிலவே. நீதி தன் பிள்ளைக்கும் விலக்களிக்கலாகாது என்ற நெறியும் அதிலுண்டு. கேள்வி யாதெனில், நோயைச் சரியாகக் கண்ட படம் சொல்லும் மருந்து சரியானதா என்பதே.

மகனைக் கொல்லும் தந்தை நமக்குப் புதியவனல்லன். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலிலிட்ட திருவாரூர்ச் சோழனின் கதையைப் பாலர் வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயின் அக்கதையிலே தேருக்கு முன்பாக மணி ஒன்று வருகிறது. அரண்மனை வாயிலில் தொங்கிய அந்த ஆராய்ச்சி மணியை எவரும் அசைக்கலாம், பசுவும் அசைத்தது. முறைப்பாடு ஊரறிய எழுந்தது. விசாரணை ஊரறிய நடந்தது. சேனாபதியின் உலகில் தேர் இருக்கிறது, மணி இல்லை. குற்றஞ்சாட்டுபவனும் சாட்சியும் நீதிபதியும் கொலையாளியும் அவன் ஒருவனே. பாதிக்கப்பட்டோர் வெறும் பார்வையாளர். வைத்தியரைக் கொல்லும்போது சேனாபதி அதைத் தொலைக்காட்சியிலே காட்டுகிறான்; நாடு பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது.

போர்வீரனைப் பற்றிய படத்தின் கருத்தும் ஆராய்தற்குரியது. மெய்யான இந்திய தேசிய இராணுவம் தனிமனிதனின் சாகசமன்று. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக அதிற் சேர்ந்தனர். 1943 இல் அமைந்த ஜான்சி ராணிப் படையிலே தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அவ்வீரர் தோற்றுச் சிறைப்பட்டபின் 1945 இல் செங்கோட்டையில் வழக்கு நடந்தது. ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரின் ஆயுட்காலத் தண்டனையை 1946 ஜனவரியில் நீக்கவைத்தது வீதியில் இறங்கிய மக்களின் கிளர்ச்சி. மக்களால் மீட்கப்பட்ட படையிலிருந்து ஒரு கிழவனை மட்டும் பிரித்தெடுத்து, மக்களை நம்பாத தனிக் கத்தியாக மாற்றியமைத்ததே படத்தின் பெரும் பிழை.

வரலாறு நம் முன் வைக்கும் ஒப்பீடொன்றுண்டு. படமாளிகைகளிலே சேனாபதிக்குக் கைதட்டல் எழுந்த அந்த மே மாதத்தில், இராஜஸ்தானின் பியாவர் பட்டணத்து வீதியோரத்தில் ஏழை விவசாயிகளும் கூலித்தொழிலாளரும் அமர்ந்திருந்தனர். ஏப்ரல் 6 அன்று தொடங்கிய அவ்வறப்போர் ஏறத்தாழ 40 நாட்கள் நீடித்தது. அவர்கள் எவர் தலையையும் கேட்கவில்லை; தங்கள் ஊரின் பொதுவேலைகளுக்குச் செலவான பணத்தின் கணக்குப் பிரதிகளையே கேட்டனர். 1990 இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அவர்களது அமைப்பு, 1994 முதல் ஊர்தோறும் பொது விசாரணை நடத்தி, கூலிப் பட்டியல்களை உரக்க வாசித்து வந்தது. இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. கட்டாத கட்டிடங்கள் கட்டியதாகக் காட்டப்பட்டிருந்தன. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே அவர்களது முழக்கம். 1997 இல் தமிழ்நாடு தகவல் உரிமைக்குச் சட்டமியற்றியது. 2005 இல் இந்தியாவின் தேசியச் சட்டம் வந்தது. இலங்கையில் 2016 இல் வந்தது. ஆராய்ச்சி மணியை அரசனின் கருணையிலிருந்து விடுவித்துத் தம் உரிமையாக்கியவர்கள் பியாவரில் அமர்ந்திருந்த எழுத்தறிவு குறைந்த அம்மக்களே எனலாம்.

கத்தி ஓர் அதிகாரியை அகற்றும். மறுநாள் அதே நாற்காலியில் இன்னொருவர் அமர்வார். கோவைகளும் இருக்கும், இருளும் இருக்கும். 28 ஆண்டுகளின் பின், 2024 இல், இரண்டாம் பாகத்திலே சேனாபதி மீண்டும் வரவேண்டியிருந்தது என்பதே முதற் கத்தியின் தோல்விக்குச் சான்று.

கத்தியின் நீதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எமது மண் படம் பார்த்து அறியவேண்டியதில்லை. 1980களில் யாழ்ப்பாணத்து மின்கம்பங்களிலே கட்டப்பட்டிருந்த உடல்களை மூத்தோர் மறந்திலர். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'சமூக விரோதி' என்ற தீர்ப்பு இருந்தது. வழக்கு இருக்கவில்லை, மறுமொழி சொல்ல வாய்ப்பும் இருக்கவில்லை. முதலில் கள்வன் என்றபோது சிலர் தலையசைத்தனர். பின்னர் எவர் பெயரும் அவ்வட்டைக்குப் பொருந்தலாயிற்று.

நம்மைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் காணி உறுதியின் பிரதியொன்றுக்காக ஒரு கந்தோருக்கு நான்கு முறை அலைந்தோம். ஐந்தாம் முறை, இலிகிதர் எதிர்பார்த்த 'சந்தோசத்தை' கடித உறையிலிட்டுக் கொடுத்தோம். பிரதி அன்றே கிடைத்தது. சேனாபதிக்குக் கைதட்டிய அதே கையே அவ்வுறையையும் நீட்டியது. படமாளிகையிலே நாம் ஒவ்வொருவரும் சேனாபதியின் பக்கம் நிற்கிறோம். கந்தோரிலோ வரிசையைத் தாண்ட வழிதேடுகிறோம். நமக்காகக் கோபப்பட ஒருவனைத் திரையில் நியமித்துவிட்டு, நம் கோபத்தை அங்கேயே செலவிட்டு வீடு திரும்புகிறோம். பிழைசெய்பவர் எப்போதும் பிறரே என்ற ஆறுதலையே நாம் நுழைவுச்சீட்டுடன் வாங்குகிறோம்.

இவற்றையெல்லாம் வகுப்பிலே சொல்லி முடித்தபோது, அதே மாணவன் கேட்டான்: "கணக்குக் கேட்கிற ஆளையே கொன்றுபோட்டால், சேர்?"

கேள்வி நியாயமானது. குஜராத்திலே சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றித் தகவல் கேட்டுப் போராடிய அமித் ஜேத்வா 2010 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். திரையில் இலஞ்சம் வாங்கியவன் சாகிறான். வாழ்க்கையிற் கேள்வி கேட்டவனே செத்தான். இதை மறைத்து மாணவருக்கு நம்பிக்கையூட்டுவது பொய்யாகும். எனினும், எளிய கடதாசி ஒன்றைக் கண்டு கொலைவரை செல்லும் அளவுக்கு அவர்கள் அஞ்சினர் என்பதையும் அவன் அறியவேண்டும். ஜேத்வாவின் சாவு கேள்வியின் பயனின்மையைக் காட்டவில்லை. தனித்துக் கேட்பதன் ஆபத்தையே காட்டுகிறது. பியாவரில் அமர்ந்தவர்கள் தனியர் அல்லர்.

அதையே அவனுக்குக் கூறினோம். அவன் முழுதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. சற்று யோசித்துவிட்டு, பாடசாலைக்கு வரும் வீதியைத் திருத்த எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று கேட்க முடியுமா என்றான். முடியும் என்றோம். "எத்தனை பேர் கையெழுத்து வைக்கலாம்?" என்று அடுத்த வரிசையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள்.