பாராட்டும் பக்கத்துணையும்

முதுமை எய்திய தொண்டர் ஒருவரை மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துவதும், வாழ்த்து மடல் வாசித்தளிப்பதும் நம்மிடையே நெடுநாளாக வழங்கிவரும் நல்ல மரபு. அம்மரபைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு வினா நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. நீதிக்காக ஒருவர் துன்புற்ற நாளில் விலகி நின்றவர்கள், அவருடைய முதுமையில் சூட்டும் மாலைக்குப் பொருள் என்ன? அது நன்றியா, கழுவாயா, அல்லது வெறும் சடங்கா? இதனை ஆராய, அமெரிக்க நாட்டில் வாழ்ந்து மறைந்த ஆசிரியை ஒருவரின் வரலாற்றைத் துணைக்கொள்வோம்.

செப்டிமா பாயின்செட் கிளார்க் 1898ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். தாயார் பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். அந்நகரின் அரசுப் பள்ளிகள் கறுப்பினத்தவரை ஆசிரியராக ஏற்காத காலம் அது. ஆகவே 1916இல், தம் 18ஆம் அகவையில், அருகிலுள்ள ஜான்ஸ் தீவில் பணியேற்றார். அங்கே 132 பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருவர். வெள்ளையர் பள்ளியிலோ மூன்று பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அவருக்கு இவரைவிட இருமடங்குக்கு மேற்பட்ட ஊதியம்.

இவற்றைக் கண்டு அவர் வாளா இருக்கவில்லை. வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டியோருள் ஒருவராக உழைத்தார். 1920இல் சார்ல்ஸ்டன் பள்ளிகளின் கதவு கறுப்பின ஆசிரியர்களுக்குத் திறந்தது. பின்னர்க் கொலம்பியா நகரில் பணியாற்றியபோது, ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கோரித் தொடுக்கப்பட்டு 1945இல் வெற்றி பெற்ற வழக்கிற்கும் துணைநின்றார்.

பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் சினமுற்ற தென் கரோலினா சட்டமன்றம், அரசு ஊழியரோ நகராட்சி ஊழியரோ எவரும் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருத்தலாகாது என்று 1956இல் சட்டம் இயற்றியது. உறுப்பினர் என்பதை மறைத்துப் பணியைக் காத்துக்கொண்டோர் பலர். செப்டிமா மறைக்கவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்தவருக்கு வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு அகவை 58. மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தை எண்ணியே வாழும் நம் போன்றோர்க்கு அவ்விழப்பின் கடுமையை விளக்க வேண்டுவதில்லை.

இனி நிகழ்ந்ததே நாம் கருத வேண்டிய பகுதி. அநீதியான அச்சட்டத்தை எதிர்க்குமாறு கறுப்பின ஆசிரியர் 726 பேருக்கு அவர் மடல் எழுதினார். மறுமொழி எழுதியவர் 26 பேர். கல்வி அதிகாரியைச் சந்திக்க அவருடன் வந்தவர் மிகச் சிலரே. அவர் அங்கம் வகித்த மகளிர் சங்கம் ஒன்று அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. ஆனால் அவர் அருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ள அச்சங்கத்தார் ஒருவரும் முன்வரவில்லை. படம் வெளியானால் தம் வேலையும் போய்விடும் என்னும் அச்சமே காரணம்.

அம்மகளிரைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. பல்லாண்டுகட்கு முன் நம்முடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டதற்காகத் தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றப்பட்டார். அவருக்காக எழுதப்பட்ட மனு நம் மேசைக்கும் வந்தது. வீட்டில் சிறு பிள்ளைகள்; வரவிருந்த பதவி உயர்வு. நாளை பார்ப்போம் என்று தாளை அடுத்தவரிடம் நகர்த்தினோம். அவர் பணி ஓய்வு பெற்ற நாளில் பாராட்டுரை வழங்கும் பேறு நமக்கே வாய்த்தது. உரை நன்றாக அமைந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் நம் கையைப் பற்றி, “அன்று நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கலாம், டீச்சர்” என்றார். அச்சொல்லில் சினமில்லை. ஆதலினாலேயே இன்றும் மறக்க இயலவில்லை.

செப்டிமாவும் பிறரைச் சினந்தாரில்லை. ஆயத்தமாகாத மக்களை அவசரமாகச் செயலுக்குத் தள்ளியது தம் பிழையே என்று கருதினார். மாணவன் தேறவில்லையெனில் தன் போதனையையே முதலில் சோதிக்கும் நல்லாசிரியரின் இயல்பு இது. துணிவும் கற்பிக்கப்பட வேண்டியதே என்று தெளிந்து, டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளியில் மக்களைப் பயிற்றுவிக்கும் பணியில் முழுமையாக ஈடுபட்டார்.

அக்காலத்துத் தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய விரும்புவோர் அரசியல் சட்டப் பகுதி ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்தறியாதவருக்கு வாக்கில்லை. எனவே அவர் ஈசா ஜென்கின்ஸ் என்னும் தீவுவாசியுடன் சேர்ந்து, 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளியைத் தொடங்கினார். முன்புறம் மளிகைக் கடை. பின்புற அறையில் வகுப்பு. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் கூந்தல் ஒப்பனைத் தொழில் செய்தவர். அரசு ஊதியம் பெறாதவராதலின் அவரை வேலையிலிருந்து நீக்க எவராலும் இயலாது. பகலெல்லாம் உழைத்த முதியோர் அங்கே தம் பெயரை எழுதவும் படிக்கவும் கற்று, வாக்காளராகப் பதியச் சென்றனர். இத்தகைய பள்ளிகள் பல தென் மாநிலங்களில் பரவின. 726 மடல்களால் ஆகாதது இவ்வகுப்பறைகளில் சிறிது சிறிதாக ஆயிற்று.

முதுமையில் அவருக்குச் சிறப்புகள் வந்தன. 1975இல் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைப் பணிநீக்கியது முறையற்றது என ஒப்புக்கொண்டு 1976இல் மாநில ஆளுநர் ஓய்வூதியத்தை மீட்டளித்தார். 1979இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் விருதளித்தார். 1987இல், தம் 89ஆம் அகவையில், அவர் மறைந்தார்.

இச்சிறப்புகளுள் உயர்ந்தது எது? விருதினும் அந்த ஓய்வூதிய ஆணையே உயர்ந்தது என்போம். விருது அவருடைய பெருமையைச் சொல்லிற்று. ஆணை அரசின் தவற்றை ஒப்புக்கொண்டது. பிழையை ஏற்று, பறித்ததைத் திருப்பித் தருவதே கழுவாய். அதனையும் விட உயர்ந்தது, அன்று அவருடன் நடந்த அச்சிலரின் துணை. அவர்கள் அணிவித்த மாலை ஏதுமில்லை.

எனவே நம் பெரியோர்க்கு விழா எடுப்போம், பொன்னாடையும் போர்த்துவோம். அதற்கு முன் நம்மை நாமே இரண்டு கேட்டுக்கொள்வோம். இவர் துன்புற்ற நாளில் நாம் எங்கிருந்தோம்? இன்று இவரைப்போல் தனித்து நிற்பவர் நம் ஊரில் எவர்? இரண்டாவது வினாவிற்கு விடை கிடைத்துவிடின், மனுவைக் கையில் வாங்கும்போது நாளை என்று சொல்லாதிருப்போமாக.