ஓர் அடைமொழிக்காக ஒரு வேலை

தன் பணியில் குறை வைக்காத ஓர் ஆசிரியரை, அவர் தன் பெயருக்கு முன்னால் எழுதிக்கொண்ட ஒரு சொல்லுக்காக வேலையை விட்டு நீக்குவது அறமாகுமா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இந்தக் கேள்வி பள்ளி வாசலைத் தாண்டி நீதிமன்றம்வரை போயிருக்கிறது.

அம்மாநில ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2023 மே மாதம் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறப்பில் அமைந்த பால் மாற்ற முடியாதது என்பதே ஒவ்வோர் அரசுப் பள்ளியின் கொள்கையாக இருக்க வேண்டும் என்கிறது அது. தம் பாலுக்குப் பொருந்தாத அடைமொழியையோ, 'ஹி', 'ஷி' போன்ற சுட்டுப்பெயரையோ எந்தப் பள்ளிப் பணியாளரும் மாணவரிடம் தனக்குரியதாகச் சொல்லக் கூடாது என்றும் விதிக்கிறது. மீறுகிற ஆசிரியர் தன் உரிமச் சான்றிதழையே இழக்க நேரலாம். சில மாதங்களில், அக்டோபரில், இணையவழி அரசுப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் வேலை இழந்தார். ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் தன்னை அடக்கிக்கொள்ள முடியாத, இருமை சாராப் பாலினர் அவர். 'மிஸ்டர்', 'மிஸ்' இரண்டையும் விட்டு, 'எம்எக்ஸ்' என்று எழுதி 'மிக்ஸ்' என்று உச்சரிக்கும் பொது அடைமொழியைப் பயன்படுத்தினார். அதைக் கைவிடச் சொன்னபோது மறுத்தார். அவரும் இரண்டு திருநர் ஆசிரியர்களும் அந்த ஆண்டு டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தனர்.

அடைமொழி என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளம், பாதுகாப்பு, பதவி உயர்வு போன்றவை அல்லவா உரிமைகள், அழைப்புச் சொல்லில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இதற்கான பதில் அமெரிக்காவின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1963இல் அலபாமா மாநில நீதிமன்றம் ஒன்றில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினக் குடிமை உரிமைப் போராளி சாட்சிக் கூண்டில் நின்றார். வெள்ளையரை 'மிஸ்டர்', 'மிஸ்' என்று விளித்த அரசு வழக்கறிஞர் அவரை 'மேரி' என்று மட்டும் கூப்பிட்டார். 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார் நீதிபதி. 1964 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அழைப்புச் சொல்லைச் சில்லறை விஷயம் என்று அன்று சொன்னவர்கள், அது தங்களுக்குக் குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தவர்கள். வயதில் மூத்த உழைப்பாளியைச் சாதியின் பெயரால் சிறுவர்களும் ஒருமையில் கூப்பிட்ட ஊர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடைமொழிகள் என்றும் மாறாதவை என்ற எண்ணமும் நிலைக்காது. திருமணம் ஆனதா இல்லையா என்பதைக் காட்டாத, 'எம்எஸ்' என்று எழுதப்படும் பெண்பால் அடைமொழி 1970களில் பரவியபோது பலர் அதைக் கேலி செய்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1986இல்தான் அதை ஏற்றது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரும்வரை, திருமணம் ஆன பெண்ணை ஆசிரியர் பணியிலிருந்து விலக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பெண் ஆசிரியரின் பெயருக்கு முன்னால் நின்ற சொல், அவர் வேலையில் நீடிப்பாரா என்பதையும் சேர்த்தே சொன்னது. 'எம்எக்ஸ்' 1970களிலேயே அச்சில் தோன்றிவிட்டது. பிரிட்டனின் பிரைட்டன் நகராட்சி 2013இல் தன் படிவங்களில் அதைச் சேர்த்தது. 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்குள் வந்தது. பழக்கமில்லாத சொல் என்பது அதற்கு எதிரான வாதமாக இருக்கலாம். தண்டிப்பதற்கான காரணமாக இருக்க முடியாது.

சட்டத்தை ஆதரிப்பவர்களின் முதல் வாதம் வலுவானது. வகுப்பறை ஆசிரியரின் சொந்த மேடை அல்ல. அங்கே அவர் அரசின் ஊழியர். மாணவர்கள் அவரை விட்டு எழுந்து போக முடியாதவர்கள். பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்பதில் பெற்றோருக்கும் அக்கறை உண்டு என்கிறார்கள். வழக்கில் 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிபதி மார்க் வாக்கர், மூவரில் ஒருவரான திருநங்கை ஆசிரியருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை வழங்கினார். ஆனால் 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை நீக்கியது. வகுப்பில் மாணவரிடம் தன் அடைமொழியைச் சொல்லும்போது ஆசிரியர் அரசு ஊழியராகவே பேசுகிறார் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நிலை.

இந்த வாதத்தில் உண்மையான ஒரு பகுதி உண்டு. பாட நேரத்தைத் தன் கொள்கைப் பிரசாரத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியரைப் பள்ளி தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். அந்த விதி எல்லா ஆசிரியருக்கும் பொது. ஆனால் 'மிஸஸ்' என்று எழுதும் ஆசிரியர் தன் திருமணத்தை நாள்தோறும் அறிவிக்கிறார். அதை யாரும் பாடத்திட்டமாகக் கருதுவதில்லை. திருமணத்துக்கான பிரசாரம் என்று புகார் செய்வதும் இல்லை. அது அவர் யார் என்பதைச் சொல்லும் சொல்லாகவே கடந்துபோகிறது. ஒருவருக்கு அறிமுகமாகக் கணக்கிடப்படுவது இன்னொருவருக்குப் பிரசாரமாகக் கணக்கிடப்பட்டால், அங்கே இரண்டு படிக்கற்கள் வைத்து எடை போடப்படுகிறது. பேச்சுரிமைச் சட்டப்படி அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அதிகாரம் இருப்பதாலேயே அதைப் பயன்படுத்துவது நியாயமாகிவிடாது.

இரண்டாவது வாதம் உண்மையைப் பற்றியது. பால் இரண்டுதான் என்று மனதார நம்புகிறவர்கள், அதற்கு மாறான சொல்லை ஏற்பது பொய்க்குத் துணைபோவது என்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டாலும் 'எம்எக்ஸ்' விஷயத்தில் இந்த வாதம் பொருந்தவில்லை. ஆணைப் பெண் என்றோ பெண்ணை ஆண் என்றோ அந்தச் சொல் கூறுவதில்லை. பாலைப் பற்றி எதையுமே கூறாமல் விடுவதுதான் அதன் வேலை. மருத்துவப் பட்டம் பெறாதவர் 'டாக்டர்' என்று போட்டுக்கொண்டால் நோயாளி ஏமாறுவார். அதைத் தடுப்பது சரி. பாலைக் குறிக்காத அடைமொழியால் எந்த மாணவரும் எதிலும் ஏமாறுவதில்லை. அதை விலக்கி 'மிஸ்டர்' அல்லது 'மிஸ்' என்று எழுதச் சொல்லும்போதுதான், தன்னைப் பற்றித் தான் உண்மை என்று நம்பாத ஒன்றைச் சொல்லும்படி ஆசிரியர் நாள்தோறும் கட்டாயப்படுத்தப்படுகிறார்.

மூன்றாவதாக, உடன் பணியாற்றுவோரின் மனசாட்சி. இதைத் தள்ளிவிட முடியாது. மாணவரை அழைப்பதிலும் இதே சிக்கல் எழுந்திருக்கிறது. ஓஹியோவில் ஒரு பேராசிரியர், திருநங்கை மாணவரைப் பெண்பாலில் அழைக்கத் தன் மத நம்பிக்கை இடம் தராது என்றார். அதற்காகப் பல்கலைக்கழகம் எழுத்துவழிக் கண்டிப்பு அளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அவர் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டு 4 லட்சம் டாலரில் சமரசம் ஏற்பட்டது. இந்தியானாவில் ஓர் இசை ஆசிரியர் எல்லா மாணவரையும் குடும்பப்பெயரால் மட்டும் அழைக்க அனுமதி பெற்றார். மாணவர்கள் புண்படுவதாகப் புகார்கள் எழவே, பள்ளி அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அவர் வேலையை விட்டார்.

இவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் சொன்ன அறம் இதுதான்: தான் உண்மை என்று நம்பாததைச் சொல்லும்படி வேலையைக் காட்டி ஒருவரை மிரட்டக் கூடாது. நல்ல அறம். ஆனால் அதே அறம் புளோரிடா ஆசிரியரையும் காக்கிறது. அவரிடம் கேட்கப்பட்டதும் அதுவேதான். அதுவும் வேறொருவரைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றியே. ஓஹியோ பேராசிரியரின் மனசாட்சியை மதித்துவிட்டு இவருடையதை மதிக்க மறுப்பவர், மனசாட்சிக்காகப் பேசவில்லை. தன் தரப்புக்காகப் பேசுகிறார். இது மறுபக்கத்துக்கும் பொருந்தும். இருமை சாராப் பாலினருக்காக நிற்பவர்களும், சக ஆசிரியர் ஒருவர் தன் நம்பிக்கையை மாற்றிக்கொண்டாக வேண்டும் என்று கேட்க முடியாது.

அப்படியானால் யாருக்கு என்ன கடமை? மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒருவரின் பாலின உணர்வை நம்ப வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. அவர் கேட்டபடி அழைக்கும் கடமை உண்டு; அது மரியாதையின் கடமை. மனம் ஒப்பாதவர் குடும்பப்பெயரையோ 'டீச்சர்' என்பதையோ பயன்படுத்தி அதை நிறைவேற்றலாம். ஆனால் எல்லாரையும் அப்படியே அழைக்க வேண்டும், ஒருவரை மட்டும் தனித்துக் காட்டுவதற்கு அதைக் கருவியாக்கக் கூடாது. மூன்றாவது, தன்னைப் பற்றி உண்மையாகப் பேசியதற்காக ஒருவரின் பிழைப்பைப் பறிக்காமல் இருக்கும் கடமை. இது வேலை தருபவருக்கும் அரசுக்கும் உரியது. இதற்கு விலக்கு இல்லை. புளோரிடாச் சட்டம் முதல் இரண்டைப் பற்றிய மக்களின் தயக்கத்தை எடுத்து, மூன்றாவதை மீறுவதற்குப் பயன்படுத்துகிறது.

வேலைச் சட்டம் மெதுவாக இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் பாலின அடிப்படையிலான பணிநீக்கத்தைத் தடுக்கிறது. திருநர் என்பதற்காக நீக்குவதும் அதில் அடங்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பிரிட்டனில், ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இருமை சாராதவர்களுக்கும் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது தொழில் தீர்ப்பாயம். இந்தியாவில், திருநங்கை என்பதால் பள்ளியில் வேலை மறுக்கப்பட்ட ஆசிரியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சமவாய்ப்புக் கொள்கை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது.

இழப்புகளையும் எடை போட வேண்டும். பொது அடைமொழியை அனுமதிக்கும் பள்ளி, ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்க்கிறது. சக ஆசிரியர் பழகாத ஒரு சொல்லைக் கேட்கிறார். பெற்றோர் வீட்டில் தம் நம்பிக்கையைப் பிள்ளைக்குச் சொல்லும் உரிமை குறையாமல் இருக்கிறது. மறுபுறம், நீக்கப்பட்டவர் சம்பளத்தை இழக்கிறார். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டிருக்கும் நாட்டில் அதையும் இழக்கிறார். உரிமச் சான்றிதழ் போனால் தொழிலையே இழக்கிறார். ஒரு பக்கம் சங்கடம், மறுபக்கம் வாழ்வாதாரம் என்றிருக்கும்போது, வாழ்வாதாரத்தைப் பறிப்பவர்தான் தன் செயலை நியாயப்படுத்தக் கடமைப்பட்டவர். இதுவரை முன்வைக்கப்பட்ட எந்த நியாயமும் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ஆகவே அந்த ஆசிரியரின் பணிநீக்கம் தவறு. அதற்கு வழிவிட்ட சட்டமும் தவறு. பாலினத்தைப் பற்றி ஒருவர் எந்தக் கருத்து வைத்திருந்தாலும் இந்த முடிவுக்கு வரலாம்.