முதலில் யார் விடுவது?

பாலித் தீவில் 'கிரீன் ஸ்கூல்' என்றொரு பள்ளி. 2008-இல் திறந்தார்கள். மூங்கில் கட்டடம், வகுப்புகளுக்குச் சுவரே இல்லை. பொறியியல் மாணவனான எனக்கு முதலில் அந்த மூங்கில்தான் கண்ணில் பட்டது. பிறகுதான் அங்கே படித்த மெலாத்தி, இசபெல் என்ற அக்காள் தங்கையைப் பற்றித் தெரிந்தது.

2013-இல் அவர்களுக்கு வயது 12, 10. பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார்கள். கூட்டாளிகளோடு கடற்கரையைச் சுத்தம் செய்தார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். ஆளுநரைச் சந்திக்க முடியவில்லை. காந்தியை நினைத்து, விடியலிலிருந்து அந்திவரை உண்ணாமல் இருந்தார்கள். பிறகு ஆளுநர் சந்தித்தார். 2019-இல் பிளாஸ்டிக் பை, போலிஸ்திரின், ஸ்ட்ரா மூன்றுக்கும் பாலியில் தடை வந்தது.

பட்டினி கிடந்து கேட்பது மிரட்டல் இல்லையா? ரொம்ப நாள் யோசித்தேன். அழுத்தம்தான். ஆனால் மிரட்டுபவன் கஷ்டத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பான். இவர்கள் தாங்களே முதலில் ஏற்றார்கள்.

போன மாதம் கேண்டீன் அக்காவிடம், "போலிஸ்திரின் பெட்டி வேணாம்க்கா" என்றேன். "தம்பி, உன் கையில என்ன?" என்றார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸ்! வெட்கமாப் போச்சு.

இப்போது என் பையில் ஒரு டம்ளர் இருக்கிறது, நண்பர்களே. நாளைக்கு அக்காவிடம் மறுபடியும் கேட்கப் போகிறேன்.