மக்மஹோனின் அட்டவணை

சீடன்: ஐயா, கணினி கணக்குத்தான் போடும். உள்ளுணர்வு மனிதனுக்கே உரியது. ராமானுஜனே சாட்சி. நாமகிரித் தாயார் கனவில் காட்டியதைத்தானே அவர் எழுதினார்?

குரு: அவர் அப்படி நம்பினார். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். விழித்திருந்தபோது என்ன செய்தார் என்பதையும் பார். 4-ஐ எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்?

சீடன்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம்.

குரு: இந்தப் பிரிவினைகளை 200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் கையாலேயே கணக்கிட்டவர் மக்மஹோன். பீரங்கிப் படையில் மேஜராக இருந்தவர். 200-க்கு அவருக்குக் கிடைத்த விடை 39,72,99,90,29,388. எவ்வளவு பொறுமை வேண்டும், நினைத்துப் பார்! அந்த அட்டவணையில்தான் ராமானுஜன் ஓர் ஒழுங்கைக் கண்டார். 4, 9, 14, 19 ஆகியவற்றின் பிரிவினைகள் 5, 30, 135, 490. எல்லாம் ஐந்தால் வகுபடும். அந்த வரிசை எவ்வளவு தூரம் போனாலும் வகுபடும்.

சீடன்: அப்படிக் கண்டதுதானே உள்ளுணர்வு? மக்மஹோன் செய்தது கூலிவேலை.

குரு: அப்படிச் சொல்லாதே. அட்டவணை இல்லையென்றால் எதைக் காண்பது? 1918-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் ராமானுஜனும் பிரிவினைகளுக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். 200-க்கு அதன் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே, விடையில் பிழை சுமார் 0.004தான். அதைச் சரிபார்க்க உதவியதும் மக்மஹோனின் எண்ணே.

சீடன்: ராமானுஜனின் உள்ளுணர்வு தவறியதே இல்லையா?

குரு: தவறியிருக்கிறது. பகா எண்களின் எண்ணிக்கைக்கு 1913-இல் ஹார்டிக்கு அனுப்பிய சூத்திரம், அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமாக இல்லை. சிறிய எண்களுக்கு அழகாகப் பொருந்தியதே அவரை ஏமாற்றிவிட்டது.

சீடன்: கணினிக்கு இதில் என்ன இடம்?

குரு: பெரிய இடம். பை-யின் மதிப்புக்கு 1914-இல் ராமானுஜன் தந்த ஒரு தொடரைக் கொண்டு, 1985-இல் பில் காஸ்பர் கணினியில் 1 கோடியே 75 லட்சம் இலக்கங்கள் வரை போனார். அந்தத் தொடருக்கு அப்போது முழு நிரூபணம் கிடையாது. கணிதவியலாளர்களான போர்வைன் சகோதரர்கள் பிறகுதான் நிறுவினார்கள்.

சீடன்: கணக்கையெல்லாம் கணினி போடும்போது நான் ஏன் போட வேண்டும்?

குரு: எண்களோடு நீண்ட நாள் புழங்கியவனுக்குத்தான் அவற்றின் ஒழுங்கு கண்ணில் படும். விடையை மட்டும் வாங்கிக்கொள்பவனுக்கு அந்தப் பழக்கம் வாய்க்காது. முதலில் 30 வரை பிரிவினைகளை நீயே போடு. பிறகு கணினியில் சரிபார்.