திரைக்கு முன் குடும்ப இரகசியம்

சகோதரர்களே! குடும்ப விஷயத்தைக் கைப்பேசித் திரையில் தோன்றும் ஓர் அந்நியரிடம் சொல்லலாமா? அமானிதம் பாழாகுமே என்று ஈப்போவில் நம் வியாபாரிகள் சிலர் அஞ்சுகின்றனர்.

அச்சம் நியாயமே. கணவன் மனைவி பிணக்கில், இரு தரப்பு உறவினரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்துமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கிறது. ஆனால் நம் உறவினரில் பாதிப்பேர் கடையநல்லூரில். மீதிப்பேர் அதே கடையில் பங்காளிகள். இரவில் அவர்களிடம் சொன்னது விடிவதற்குள் கடைத்தெருவுக்கு வந்துவிடும்!

கவ்லா (ரலி) அம்மையார் தம் கணவரைப் பற்றிய முறையீட்டை உறவினரிடம் வைக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு சென்றார். அதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. 58-ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின.

இந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் பதிவு பெற்றிருக்க வேண்டும். கேட்டதைக் காக்கும் கடமையும் அவருக்குண்டு. பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். சரக்கு வாங்கும்போது விசாரிக்காமலா வாங்குகிறோம்?

எனக்கு உறுத்துவது வேறு. பையனைத் திரை முன் உட்காரவைத்துவிட்டு, தகப்பனார் அடுத்த அறையில் கல்லாக் கணக்குப் பார்க்கிறார். ஆலோசகர் அழைத்தால், கடையை ஒரு மணி நேரம் முன்னதாக அடைத்துவிட்டு அவரும் வந்து உட்காரவேண்டும்.