கீழ்வீட்டுக் கூரை

குழாய் ஒழுகுவதைப் பற்றி ஒரு கதாசிரியன் என்ன எழுதிவிட முடியும் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தர்மம், அதர்மம் என்றெல்லாம் பேச வேண்டுமானால் கொலையோ துரோகமோ, குறைந்த பட்சம் ஒரு பொய்ச் சத்தியமாவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பத்து ரூபாய் வாஷர் ஒன்று அந்த அபிப்பிராயத்தை மாற்றிவிட்டது.

ஓசூரில் எனக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. மேலே நாங்கள், கீழே ஒரு குடித்தனம். அப்போது இருந்தவன் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த இளைஞன். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். மனைவி, பிறந்து ஐந்தாறு மாதமே ஆன ஒரு பெண் குழந்தை. ஐந்தாம் தேதி பிறப்பதற்கு முன் வாடகை வந்துவிடும். ஒரு புகார் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. "கீழே ஆள் இருக்கிறார்களா, இல்லையா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நல்ல குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுத்த என் சாமர்த்தியத்தை எண்ணி நான் பெருமைப்பட்டுக் கொள்வேன்.

2023-ஆம் வருஷம் சித்திரையில் எங்கள் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பகலில் தெரியாது. இரவில் எழுதிக்கொண்டிருக்கும்போது, எங்கோ யாரோ கணக்குப் பார்ப்பதைப்போல, ஒன்று, இரண்டு என்று கேட்கும். இரண்டு இரவு பொறுத்தேன். மூன்றாம் இரவு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக் குழாயின் வாயில் கட்டி, அதன் மறு நுனியைச் சுவர் மூலையில் விழும்படி விட்டேன். சொட்டு, துணியின் வழியே சத்தமில்லாமல் இறங்கித் தரையைச் சேர்ந்தது. வெகு புத்திசாலித்தனம்! அன்றிரவு ஒரு சிறுகதையை முடித்துவிட்டேன்.

இதற்கு முன், மாசி மாதம் வேறொரு வேலைக்கு வந்த பிளம்பர் அந்த மூலையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். கன்னடமும் தெலுங்கும் கலந்த எல்லைத் தமிழ் அவருடையது. "சார், இங்கே டைல்ஸ் சந்துலே சிமெண்டு போயிருக்குது. மழைக்கு முந்தி ஒருதடவை எல்லாத்தையும் பார்த்துடலாம்." வேலை தேடுகிறார் என்று நினைத்தேன். "பார்க்கலாம்" என்றேன். தமிழில் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்குப் 'பார்க்கப் போவதில்லை' என்றுதான் பெரும்பாலும் பொருள்.

ஆடி மாதத்தில் ஒருநாள், தபால்காரர் மாற்றிக் கொடுத்துவிட்ட ஒரு கடிதத்தைக் கொடுக்கக் கீழே போனேன். கதவு திறந்திருந்தது. குழந்தையின் தூளி அடுக்களையில், அடுப்புக்கு நாலு முழத் தூரத்தில் தொங்கிற்று.

"ஏனம்மா, தூளியை இங்கே கட்டியிருக்கிறீர்கள்?" என்றேன்.

"சும்மாதான் சார். இங்கே நல்லாக் காத்து வரும்" என்றாள் அந்தப் பெண்.

ஓசூரில் ஆடி மாதத்தில் காற்றைத் தேடி அடுக்களைக்குப் போகிறவர்கள் இல்லை. நான் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். தூளிக் கொக்கியைச் சுற்றிக் கூரையில் முறம் அளவுக்குக் கருப்பாக ஓதம் பாய்ந்திருந்தது. நடுவில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது. நேர் கீழே ஓர் அலுமினியப் பாத்திரம். அதில் பாதித் தண்ணீர். எங்கள் குளியலறை அதற்கு நேர் மேலே. வீட்டை அப்படிக் கட்டியவனும் நான்தான்.

"எத்தனை நாளாக?" என்று கேட்டேன். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, "வைகாசியிலேர்ந்து சார்" என்றான். "ஏன் தம்பி சொல்லவில்லை?" என்றதற்கு அவன் மனைவியைப் பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள். கடைசியில் அவன்தான் சொன்னான்: "வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிடுவீங்களோன்னு... இன்னொரு இடத்துக்கு அட்வான்ஸ் கட்ட முடியாது சார்."

அன்றே பிளம்பரை அழைத்து வந்தேன். வாஷரை மாற்ற ஐந்து நிமிஷம். மூலையைக் கொத்திச் சிமெண்டு பூச ஒரு பகல். 'போன மாசியிலேயே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரவு முழுவதும் எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். கீழே ஒழுகுவது எனக்குத் தெரியாது. தெரியாமல் நடந்ததற்குப் பொறுப்பு ஏது? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேட்டித் துண்டு சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது. தண்ணீர் சொட்டுவது எனக்குத் தெரியும். அது எங்கோ போகிறது என்பதும் தெரியும். எங்கே என்று கேட்காமல் இருப்பதற்காகத்தான் துணி கட்டினேன். என் அறியாமை தானாக வந்ததல்ல. நானே முடிச்சுப் போட்டுக் கட்டியது. குழந்தையை அடித்திருந்தால் என் கை எனக்கே அருவருப்பாக இருந்திருக்கும். மூன்று மாதம் அதன் தூளியை ஈரத்துக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே அலைய விட்டதற்கோ, எனக்கு ஓர் இரவுத் தூக்கம்கூடக் கெடவில்லை.

திருக்குறளில் மறதியையும் அசட்டையையும் கண்டிக்கும் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு, 54-வது. அதை வள்ளுவர் துறவிக்குரிய பகுதியில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குரிய பகுதியில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதற்குக் காரணம் கேட்டதாக நினைவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: காட்டில் தனியாக இருப்பவன் எதையாவது மறந்தால் அவன் தலைதான் நனையும். தனக்குக் கீழே ஆட்களை வைத்துக்கொண்டிருப்பவன் மறந்தால் நனைவது வேறொருவர் வீடு. வாடகை வாங்குகிற அளவில் நானும் ஒரு சிற்றரசன்தானே!

குளிர் தேசங்களில் இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே பனிக்காலத்துக்கு முன் வெளிக் குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடிக்காவிட்டால், அது உறைந்து, பருத்து, குழாயையே வெடிக்க வைத்துவிடும். தண்டனை அந்தப் பருவத்திலேயே, குற்றம் செய்தவன் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. ஓசூரில் மார்கழிக் குளிர் பல்லைக் கிட்டவைக்கும், குழாயை உடைக்காது. நம் குழாய்கள் மெதுவாகக் கெடுகின்றன. கோடை வெயிலில் மொட்டைமாடிப் பி.வி.சி. குழாய் வெளுத்து நொறுங்கும் பதத்துக்கு வரும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் வால்வுகளுக்குள் சுண்ணாம்பாகப் படிந்து இறுகும். ஐப்பசி மழை வரும்வரை எல்லாம் சரியாகவே இருப்பதுபோலத் தோன்றும். நம்மை அதட்டுவதற்குப் பனிக்கட்டி இல்லை. நாமேதான் அதட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது வெட்கம் இன்னும் அதிகமாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் காவியேறி, எலும்பு வளைந்துபோனவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. அவர்களுக்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஓசூருக்கும் அந்தக் காவிரி நீர் வருகிறது. ஒகேனக்கல்லைவிட ஓசூர் ஏறக்குறைய 2,000 அடி உயரம். அத்தனை உயரமும் மோட்டார்களின் மூச்சில் ஏறிவந்த தண்ணீரை நான் துணி கட்டிச் சத்தமில்லாமல் தரையில் விட்டுக்கொண்டிருந்தேன். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்குக் குறையாது. ஒரு குடத்துக்கும் மேல்.

எனக்கு முன்பெல்லாம் பெங்களூர்க்காரர்கள்மேல் பெரிய கோபம் உண்டு. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, அந்த நகரத்தின் கழிவையும் சோப்பு நுரையையும் சேர்த்துக்கொண்டு, எல்லை தாண்டி ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை நாட்களில் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு முழுவதும் வெள்ளை நுரை மலைபோலப் பொங்கும். தரைப்பாலத்தை மூடிவிடும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை; அதை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்களுக்கு நெஞ்செரிச்சல். "மேலே இருக்கிறவர்களுக்குக் கீழே இருப்பவர்களின் நினைவே கிடையாது" என்று மேடையிலே கூடப் பேசியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை இப்போது அவ்வளவு உரக்கச் சொல்ல முடியவில்லை. பெங்களூரில் துணி துவைக்கும் அம்மாளுக்குக் கெலவரப்பள்ளி எங்கே இருக்கிறதென்று தெரியாது. எனக்கோ கீழ்வீட்டுக்குப் பதினெட்டே படிகள்.

தண்ணீர் கீழே இறங்க யாருடைய தயவும் வேண்டாம். கீழே இருப்பவனின் குறை மேலே வருவதற்குத்தான் வழி இல்லை. அதற்கு அட்வான்ஸ் பணம், வேலை, மரியாதை, பயம் என்று எத்தனையோ அடைப்புகள். கீழே சத்தமில்லை என்பதால் கீழே சௌக்கியம் என்று நான் கொண்ட முடிவு, துணியைக் கட்டிவிட்டுக் குழாய் சரியாகிவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

2024-ன் கோடையில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவில் சிலர் அதைப் படித்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அபராதம் போட ஆளில்லாத வீட்டில் என்ன செய்வது என்ற கேள்வி என்னோடு இருந்தது. 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று 2017 நவம்பரில் உடைந்து, தேக்கிய தண்ணீர் ஆற்றோடு போனதையும் அப்போது நினைத்துக்கொண்டேன். அணை என்பது என்ன? பெரிய தொட்டி, மதகு அதன் குழாய்.

இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை, சித்திரைக் கடைசியிலும் புரட்டாசியிலும், அதே பிளம்பர் வருகிறார். நான் கூடவே சுற்றுகிறேன். மொட்டைமாடியில் மழைநீர் போகும் வாயில் அடைத்த சருகை எடுப்போம். தொட்டியைக் கழுவி, மிதவை வால்வைக் கையால் தூக்கி நீர் நிற்கிறதா என்று பார்ப்போம். கேட் வால்வுகளைத் திறந்து மூடித் திறப்போம். வருஷக்கணக்காகத் தொடாத வால்வு, தேவைப்படும் நாளில் அசையாது என்பது அவர் கற்பித்த பாடம். எனக்கு மிகவும் பிடித்தது கரிக்கோட்டுப் பரீட்சை. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் கரியால் ஒரு கோடு. காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு எங்கோ இருக்கிறதென்று அர்த்தம். கடைசியாகப் பதினெட்டுப் படி இறங்கி, கீழ்வீட்டில் அனுமதி கேட்டு, ஒவ்வோர் அறையிலும் கூரையை அண்ணாந்து பார்ப்பேன்.

முதல் தடவை நான் அப்படிப் போய் நின்றபோது அந்த இளைஞன், "எவ்வளவு சார் ஆச்சு?" என்று கேட்டான். செலவை வாடகையோடு சேர்த்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் அவன் முகம் முழுவதும் தெளியவில்லை.

சென்ற தை மாதம் அவர்கள் அவன் தம்பி வீட்டுப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். கிளம்பும் வரையில் தூளியைப் பழைய கொக்கிக்கு மாற்றவில்லை; அதற்குள் குழந்தை நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். இரண்டு பூச்சு அடித்தும் அந்த வட்டம் மங்கலாகத் தெரிகிறது. மூன்றாவது பூச்சு அடிக்கட்டுமா என்று கேட்டான் வெள்ளையடிப்பவன். வேண்டாம் என்றேன். புதிதாக வந்தவர்கள் அது என்ன கறை என்று கேட்டார்கள். சொன்னேன், வேட்டித் துண்டையும் சேர்த்துத்தான்.